உன் ஒளுவுக்கு இனி நான் சாட்சி இல்லை

மகனே,

உன்மேல் அமைதி உண்டாகட்டும். ஸலாமை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் பிறகு நான் எழுதப்போவது அவ்வளவு அமைதியாக இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ வேலை பார்க்கும் சாகணிலிருந்து பைக்கில் வந்தாய். ஹெல்மெட்டை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாய். நஸ்ரினுக்கு எடுத்திருந்த கல்யாணப் புடவையை உனக்குக் காட்டலாம் என்று நான் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல், "கல்யாணத்தை நிறுத்திருங்க உம்மா" என்றாய்.

உன் வாப்பா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏம்ல? அந்தப் பிள்ளைகூட எதுவும் சண்டையா?"

"அவமேல ஒரு குறையும் இல்ல வாப்பா. நான் முஸ்லிமா இருக்கேனா இல்லையான்னே எனக்கு உறுதியாத் தெரியல. ஈமான் இல்லாதவனுக்கு நிக்காஹ் கூடாது. கூடாத நிக்காஹை வச்சிக்கிட்டு அவகூட வாழ்ந்தா ஹராம். என்னால அவளுக்கும் பாவம்."

"மொதல்ல சோத்தைத் தின்னு," என்றார் உன் வாப்பா.

"நிறுத்த மாட்டேன்," என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

இதை வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன். நீ தேஹு ரோடு என்ற இந்த மராட்டிய ஊரில் வளர்ந்தவன். இந்தியும் மராட்டியும் உனக்குத் தண்ணீர் மாதிரி, தமிழைமட்டும் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். ஆங்கிலத்தில் எழுதினால் சில நிமிடங்களில் படித்து முடித்து, மறுபடி மேலே போய், எந்த வாக்கியத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவாய். தமிழில் உனக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தடவை படித்து முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும். அந்த ஒரு தடவை போதும். இன்னொன்று, உன் விஷயத்தை எழுதிப் பொதுவில் அச்சிடலாமா என்று போன மாதமே உன்னிடம் கேட்டேன். நம் பெயர் போடாமல், பெண்ணின் பெயரை மாற்றி, உன்னைப் போன்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் இருக்கும் மற்றத் தாய்மார்களுக்காக என்று சொன்னேன். "போடுங்க உம்மா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்துப் போன் செய்து, "நான் போடுங்கன்னு சொன்னது முழு மனசோடதான் சொன்னேனா?" என்று என்னையே கேட்டாய். நான் சிரித்துவிட்டேன், நீயும் சிரித்துவிட்டாய். நீ முதலில் சொன்ன 'போடுங்க'வைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். இனி உன் எல்லா விஷயத்திலும் அப்படித்தான்.

இது தண்ணீரில் ஆரம்பித்தது. நீ பத்தாம் வகுப்புப் படித்த குளிர்காலம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைத்தான் சொல்கிறேன். சிறு வயதில் பூனை முகம் கழுவுகிற வேகத்தில் செய்துவிட்டு ஓடுவாய். அந்த வருடம் பாத்ரூமுக்குள் போனால் வெளியே வரவே மாட்டாய். முழங்கை நனைந்ததா, கரண்டைக்கால் நனைந்ததா, நடுவில் காற்றுப் பிரிந்ததா. உன் வாப்பா வேலை பார்க்கும் ராணுவ டிப்போவின் குவார்ட்டர்ஸில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். பிடித்து வைத்த வாளிகள் எல்லாம் உன் குதிகாலுக்கே போகும். உன் வாப்பா வேலைக்குப் போக நின்றுகொண்டு கதவைத் தட்டுவார். "ஏல, ஒளுதான் செய்யுதியா, இல்ல இந்திராயணி ஆத்தையே குளிப்பாட்டுதியா?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உன் குதிகால் வெடித்து ரத்தம் வந்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினோம்.

அப்போது நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒளு செய்யச் சொன்னேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ முடித்ததும், "ஆயிருச்சு. எல்லாம் நனைஞ்சிருச்சு. நான் சாட்சி" என்பேன். உடனே உன் முகம் தெளிந்துவிடும், போய்த் தொழுவாய். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா, வீட்டிலேயே மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைப்பு. அந்த மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனது. முதலில் ஒளுவுக்கு மட்டும் சாட்சி. பிறகு நீ எத்தனை சுற்று, எத்தனை ரக்அத் தொழுதாய் என்பதற்கும் சாட்சி. நான் உன் பின்னால் பாயில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண வேண்டும். பிறகு எச்சில் விழுங்கியதில் நோன்பு முறிந்ததா என்பதற்கு. சாகணில் வேலை கிடைத்து நீ அறை எடுத்துத் தங்கியபோது, இனி தப்பித்தோம் என்று நினைத்தேன். நீ வீடியோ காலில் வந்து காலைத் தூக்கிக் கேமராவில் காட்டினாய். "தெரியுதா உம்மா? குதிகால் ஈரமா இருக்கா?" ஒருமுறை நான் மார்க்கெட்டில் நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தாயி, ஹே காய்? பாயாலா காய் ஜாலம்?" என்று கேட்டார், காலுக்கு என்ன ஆயிற்று என்று. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் உனக்கும்தான் என்னமோ ஆகியிருந்தது.

அப்புறம் பள்ளிவாசல். அங்கே நான் வர முடியாது, சாட்சி சொல்ல முடியாது. நம் ஊர் ஷாஃபி வழக்கப்படி, கையை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லும் அந்த நேரத்திலேயே இன்ன தொழுகையைத் தொழுகிறேன் என்ற எண்ணம் மனதில் இருக்க வேண்டும். அந்த எண்ணம் இருந்ததா, அரை நொடி முந்திவிட்டதா, பிந்திவிட்டதா என்று நீ பிடித்துக்கொண்டாய். இமாம் ருகூவுக்குக் குனிந்துவிடுவார். நீ இன்னும் கையை உயர்த்தி இறக்கி, உயர்த்தி இறக்கி நின்றிருப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உன் பக்கத்தில் நின்ற பெரியவர், தொழுகை முடிந்ததும் எல்லோரும் கேட்கச் சொன்னாராம்: "க்யா பேட்டா, கிக் மார்தே ஹீ ஜா ரஹே ஹோ, காடி ஸ்டார்ட் நஹீ ஹோதீ?" உதைத்துக்கொண்டே இருக்கிறாயே, வண்டி கிளம்பவில்லையா என்று. வரிசை முழுக்கச் சிரித்ததாம். உன் வாப்பா வந்து இதை என்னிடம் சொல்லும்போது அவரும் பாதிச் சிரிப்பில்தான் இருந்தார். மீதிப் பாதியில் கண் கலங்கிவிட்டது.

சாகண் வேலையில் நீ சேர்ந்த புதிதில் உன்னிடம் ஒன்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? தொழிற்சாலையில் உன் வேலை பிரேக் பாகங்களைச் சரிபார்ப்பது. எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். "ஒரு கேஜ் இருக்கு உம்மா. ஒரு முனை துளைக்குள்ள போகணும், மறு முனை போகக்கூடாது. அவ்ளோதான். சரின்னா அடுத்தது."

"ரெண்டாவது தடவை பாக்க மாட்டியா?"

"பாத்தா லைனே நின்னுரும்."

"அப்ப தொழுகையில மட்டும் ஏன் லைனை நிறுத்துதே?"

நீ, "அது இரும்பு உம்மா. இது அல்லாஹ்" என்றாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். இரும்புதான் மன்னிக்காது. ஒரு மயிரிழை கூடினாலும் பிரேக் பிடிக்காது, ஆள் செத்துப்போவான். அங்கே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக விட்டுவிடுகிறாய். தன்னை அளவற்ற அருளாளன் என்று சொல்லிக்கொள்பவனிடம் வந்து கேஜை எடுத்துக்கொண்டு நிற்கிறாய். உன் குதிகாலில் ஒரு பொட்டுக் காய்ந்திருந்தால் உன்னைப் பிடித்து நெருப்பில் போடக் காத்துக்கொண்டிருக்கும் ஒருவன் உன் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறானே, அவனை நான் வணங்கவில்லை. என்றைக்கும் வணங்கியதில்லை. அவன் அல்லாஹ் இல்லை, நீயும் அவனை விட்டு எழுந்து வா. இப்படி எழுதியதற்காக யாராவது என்னைக் கேள்வி கேட்டால், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீரோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். இரண்டு வருடத்துக்கு முன் அது உன் ஈமானுக்குள், உன் நம்பிக்கைக்குள்ளேயே போனது. ரமலானில் ஒரு நாள் நோன்பு திறந்துவிட்டு, பேரீச்சங்கொட்டையை விரலால் உருட்டிக்கொண்டே, "உம்மா, எனக்குள்ள என்னமோ பேசுது" என்றாய். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்ததும் அல்லாஹ்வைப் பற்றி அசிங்கமான வாக்கியம் வருகிறது என்றாய். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று வருகிறது, நபியைப் பற்றி என்னென்னவோ வருகிறது, அதெல்லாம் என் குரலிலேயே வருகிறது என்றாய். சொல்லி முடித்துவிட்டு, நான் உன்னை அடிக்கப்போகிறேன் என்பதுபோல் பார்த்தாய். நான் அடிக்கவில்லை. எழுந்து போய்க் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவினேன். நீ நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். உன் எதிரில் உட்கார்ந்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுந்து போனேன். ஏனென்றால் அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகி நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம். பேச ஒரு தமிழ் ஆள் கிடையாது. உன் வாப்பா டிப்போவுக்குப் போய்விடுவார். லுஹர் என்ற மதியத் தொழுகையில் ஒரு நாள், எழுத முடியாத ஒரு வாக்கியம் என் தலைக்குள் வந்து விழுந்தது. தொழுகையை விட்டு எழுந்துவிட்டேன். மறுநாளும் வந்தது. நான் மார்க்கத்தை விட்டு வெளியே போய்விட்டேன் என்று நம்பினேன். வெளியே போய்விட்டால் நிக்காஹ் முறிந்துவிடுமே. சாயங்காலம் உன் வாப்பா பனியனோடு உட்கார்ந்து டீ குடிப்பார். இவர் எனக்கு அந்நிய ஆண், இவர் முன்னால் நான் தலையை மூடாமல் நிற்கிறேன் என்று எனக்கு வேர்த்துக் கொட்டும். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கலிமாவை மறுபடி மறுபடி சொல்லி, மறுபடி மறுபடி முஸ்லிமாவேன். அந்த மனிதருக்கு இன்றுவரை இது தெரியாது. அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பெண்கள் கூடி ஹதீஸ், அதாவது நபிமொழி, வாசிப்பார்கள். மொழி பாதிகூடப் புரியாவிட்டாலும் மனிதர்கள் நடுவே உட்காரலாமே என்று போவேன். ஒரு நாள் ஒரு பெண் வாசித்ததில் ஏதோ ஒன்று என் காதில் மாட்டியது. மறுபடி வாசிக்கச் சொன்னேன், மெதுவாக அர்த்தம் சொல்லச் சொன்னேன். நபித் தோழர்கள் நபியிடம் வந்து, எங்கள் மனதில் சில எண்ணங்கள் வருகின்றன, அவற்றை வாயால் சொல்வதே எங்களுக்குப் பெரும் பாரமாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியா உணர்கிறீர்கள் என்று நபி கேட்கிறார்கள். ஆம் என்கிறார்கள். அதுதான் தெளிவான ஈமான் என்று பதில் வருகிறது. என்னால் உட்கார முடியவில்லை. யாருக்கு? தோழர்களுக்கு! நபியின் முகத்தைத் தினமும் பார்த்தவர்களுக்கே அது வந்திருக்கிறது. வந்தபோது அவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை. அந்த எண்ணத்தை வெறுக்கிற வெறுப்பே ஈமான்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து தொழுதேன். அது பேசியது. நான் ருகூவுக்குப் போனேன். மறுபடி பேசியது. நான் ஸஜ்தாவுக்குப் போனேன். பேசிக்கொண்டே இரு, எனக்கு வேலை இருக்கிறது என்று ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, எழுந்து அரிசி களைந்தேன். அதன் பிறகும் பல மாதம் வந்தது. நான் பதில் சொல்வதை நிறுத்தியதும் அதற்கு என்னிடம் சுவாரசியம் குறைந்துவிட்டது. உன்னுடையது என்னுடையதைவிடப் பல மடங்கு பிடிவாதமானது, எனக்குத் தெரியும். எனக்கு நடந்ததுபோல் உனக்கும் தானாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்கும் எத்தனை எதிர்ப்பு. ஊரிலிருந்து உன் குப்பி, வாப்பாவின் அக்கா, போனில் வந்தாள். "ஏளா, மனநோய் டாக்டர்ட்டயா கூட்டிட்டுப் போறே? ஈமான் கொறஞ்சா ஓதி ஊதுனாப் போதும்ளா. நான் தாயத்து அனுப்புதேன். பொண்ணு வீட்டுல வாயத் தொறந்துராத. பைத்தியம்னு சொல்லிருவாங்க."

"சொல்லட்டும் மைனி," என்றேன். "பைத்தியக்காரன் சரின்னு சொன்ன பிரேக்கைப் போட்டுத்தான் ஒங்க மவன் கார் ஓட்டுதான். எறங்கிரச் சொல்லுங்க." மூன்று மாதம் பேசவில்லை. பிறகு அவளே போன் செய்து, நல்ல மாத்திரையா என்று விசாரித்தாள்.

ஔந்தில் இருக்கும் கிளினிக்கில் அந்த மராட்டி டாக்டரம்மா உன்னிடம் தனியாகப் பேசிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். என்ன பேசினோம் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மருந்து தருகிறேன், பயிற்சி தருகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் மகன் சந்தேகம் கேட்கும்போது வீட்டில் யார் பதில் சொல்கிறீர்கள்?" என்றார். "நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஆப் ஜவாப் தேனா பந்த் கர் தீஜியே," என்றார். பதில் சொல்வதை நிறுத்துங்கள். நீங்கள் ஒவ்வொரு முறை சரி என்று சொல்லும்போதும், அந்தச் சந்தேகம் பதில் சொல்லத் தகுந்த கேள்விதான் என்று அவர் மூளைக்குக் கற்றுத் தருகிறீர்கள் என்றார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உன் காலைப் பார்த்தேன். வெடித்த அந்தக் குதிகாலுக்குப் பாதித் தண்ணீரை நான் ஊற்றியிருக்கிறேன். அன்றே நிறுத்த வேண்டியவள், நீ கேட்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்து மனம் இளகி, போன ஞாயிறுவரை இழுத்துவிட்டேன்.

டாக்டர் சொன்னால் போதாது, மார்க்கம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய் என்று தெரிந்து, உன் வாப்பாவைப் பள்ளிவாசல் இமாமிடம் அனுப்பினேன். இளைஞரான அந்த இமாம் டாக்டருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்த ஒன்று சந்தேகத்தால் போய்விடாது, அதுதான் சட்டம் என்றார். தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று தோன்றினால், சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது நாற்றம் வரும்வரை தொழுகையை விடாதே என்று நபியே சொல்லியிருக்கிறார்கள் என்றார். உன் வாப்பா வீட்டுக்கு வந்து இதை இத்தனை வருடம் டிப்போவில் வேலை பார்த்த கண்டிப்போடு அறிவித்தார்: "ஏல, சத்தம், நாத்தம். ரெண்டும் இல்லேன்னா கேஸ் டிஸ்மிஸ்." நீ வாய்விட்டுச் சிரித்தாய். மகனே, நம் மார்க்கம் இவ்வளவு வெட்கமில்லாமல், இவ்வளவு தெளிவாக உன் பக்கம் நிற்கிறது. நீதான் அந்தக் குரலின் பக்கம் நின்று உனக்கு எதிராக வாதாடுகிறாய்.

நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். சாங்விக்குப் போய், அவள் வீட்டுச் சமையலறையில் நின்று நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும் மாமி, அவரே சொல்லிட்டார்" என்றாள். நீ மூச்சுவிடவில்லையே என்னிடம்!

"பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"சச் சொல்லவா, நிஜத்தை? இருக்கு மாமி. ஆனா தெரியாம மாட்டிக்கிறதுக்குத் தெரிஞ்சு பயப்படறது அச்சா. உங்க பையன் இருக்காரே, நீ முழுச் சம்மதத்தோடதானே சொன்னேன்னு திருப்பித் திருப்பிக் கேட்டார். இன்னொரு வாட்டி கேட்டீங்கன்னா நஹீன்னு சொல்லிருவேன்னேன். பஸ், அவ்ளோதான், வாயை மூடி சுப் ஆயிட்டார்."

டாக்டருக்குப் படிக்காமலேயே அவளுக்கு அந்த வித்தை தெரிந்திருக்கிறது. அவள் அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று. போடுகிறான் என்றேன். "நானும் பிரஷருக்குப் போடறேன். அதனால என் பொண்டாட்டி ஓடிப்போயிடலை," என்றார். இப்படிப்பட்ட வீட்டில்தான் போய்க் கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறாய்.

நிக்காஹ் முடிந்தால் அந்தக் குரல் அடங்கிவிடும் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அது இடம் மாறி உட்காரும். நாம் ஷாஃபிகள், மனைவி கை பட்டால் ஒளு முறியும். பட்டதா, பட்டதா என்று கேட்கும். ஏதாவது சண்டையில் 'போ' என்று சொல்லிவிட்டு, நான் தலாக் சொல்லிவிட்டேனோ என்று நடுங்குவாய். மனதுக்குள் எதையோ நினைத்துவிட்டு, அது வாயால் வந்துவிட்டதோ என்று நஸ்ரினையே சாட்சிக்குக் கூப்பிடுவாய். இப்போதே சொல்லி வைக்கிறேன். மனதில் ஓடுவதை என் உம்மத்து, என் சமுதாயத்தார், சொல்லாமலும் செய்யாமலும் இருக்கும்வரை அதை அல்லாஹ் அவர்களுக்கு மன்னித்துவிட்டான் என்பது நபி சொன்னது. மனதில் ஓடியதற்குத் தலாக் இல்லை. ஒளு முறிந்தது உறுதியாகத் தெரிந்தால் போய்ச் செய், தெரியாவிட்டால் தொழு. தவறாகவே போனாலும், சந்தேகத்துக்குக் கீழ்ப்படியாமல் தொழுத தொழுகையோடு அல்லாஹ்விடம் போ. அதற்கு ஏதாவது கேள்வி இருந்தால், உம்மாதான் சொன்னாள் என்று சொல்லிவிடு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையின் மீதி. சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்தாய். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நீ பாத்ரூமுக்குப் போனாய். நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஈரக்காலோடு நின்று, "குதிகால் நனைஞ்சிருக்கான்னு பாருங்க உம்மா" என்றாய். நான் துண்டை மடித்தேன். "உம்மா." தலையணை உறையை மடித்தேன். நனைந்திருந்தது மகனே, தரையெல்லாம் உன் கால் தடம். அதைக்கூட நான் சொல்லவில்லை. "ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தினாய். உன் வாப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். நான் உன் சட்டையை எடுத்து மடித்தேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பைக் கிளம்பிய சத்தம் கேட்டது. நீ தொழவில்லை.

நீ போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. வழியில் எங்காவது நிறுத்தித் தொழுதிருப்பானா? மாத்திரை போட்டானா? என்னை வெறுத்துவிட்டானா? நான் செய்தது சரிதானா? போனை எடுத்தேன். உன் பெயரை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். அன்றிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். சமைக்கும்போது, துணி உலர்த்தும்போது, ஸ்டேஷன் ரோட்டில் காய்கறிப் பையோடு நடக்கும்போது. உன்னைக் கேட்டு ஒரு 'ஆமாம்' வாங்கிவிட்டால் போதும், நெஞ்சு அமர்ந்துவிடும் போல இருக்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க நெஞ்சு அமரும், அடுத்த நாள் மறுபடி கேட்க வேண்டிவரும் என்றும் தெரிகிறது. உறுதி இல்லாமல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் வலிக்கும் என்றால், பதினைந்து வயதிலிருந்து நீ எதைச் சுமந்தாய் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. புரிந்த பிறகும் நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. உன்னிடம் எதைச் செய்யச் சொல்கிறேனோ, அதை நான் முதலில் செய்கிறேன்.

கல்யாணத்தை நான் நிறுத்தவில்லை. நஸ்ரினைப் பிடிக்கவில்லை என்றால், சாங்விக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அந்தக் காரணத்தை நான் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன், அவள் வீட்டில் போய் மன்னிப்பும் கேட்பேன். சந்தேகத்தைக் காரணமாகச் சொன்னால் ஏற்க மாட்டேன். அதற்கு உன் கல்யாணத்தில் பேச உரிமை கிடையாது. இது அச்சாகி உன் கைக்கு வரும்போது கல்யாணத்துக்குச் சில நாள்தான் மீதி இருக்கும். கல்யாணத்தன்று காலை நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்காருவேன். நீ வந்துவிட்டாயா என்று திரையை விலக்கிப் பார்க்க மாட்டேன். யாரையும் அனுப்பி விசாரிக்க மாட்டேன். எதுவும் தெரியாமல், வருகிற பெண்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மைக்கில் உன்னைக் கேட்பார்கள். ஏற்றுக்கொண்டேன் என்று சொல். நடுங்கிக்கொண்டு சொன்னாலும் சரி, அந்த நேரத்தில் உன் தலைக்குள் எவ்வளவு அசிங்கமான வாக்கியம் ஓடினாலும் சரி, நீ முஸ்லிமா என்று அது உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாலும் சரி. சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காதே. நேராகச் சாப்பிட வா, பிரியாணி ஆறிவிடும்.

உன் உம்மா